ஆலன் பள்ளி ஸ்டேடியம்: 6 கோடி டாலர் சரியா, தவறா?

வாசகர் கேள்வி

"டெக்சாஸில் ஆலன் என்று ஓர் ஊர். அங்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு 6 கோடி டாலரில் அமெரிக்க ஃபுட்பால் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) ஸ்டேடியம் கட்டியிருக்கிறார்கள். 18,000 பேர் உட்காரலாமாம். அந்தப் பணத்தை ஆசிரியர்களுக்குச் சம்பளமாகக் கொடுத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் நன்றாகப் படித்திருப்பார்கள்? டாலஸ் பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாராவது இதற்கு நியாயம் சொல்ல முடியுமா?"

செப்டம்பர் 5, வெள்ளி இரவு

நான் ஆலனில்தான் இருக்கிறேன். பெண் அந்தப் பள்ளியில் படிக்கிறாள், பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். இப்போதுதான் மேட்ச் முடிந்து அவளை அழைத்துக்கொண்டு வந்தேன், காதில் இன்னும் டிரம் சத்தம் அடங்கவில்லை.

முதலில் அந்தச் சம்பள விஷயம். டெக்சாஸில் பள்ளி மாவட்டம், அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், நம் வீட்டுக்குப் போடும் சொத்து வரியில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று அன்றாட நடப்புச் செலவுக்கு; ஆசிரியர் சம்பளம், கரண்ட் பில், பஸ் டீசல் எல்லாம் அதிலிருந்துதான். இன்னொன்று கடனை அடைப்பதற்கு மட்டும். கட்டடம் கட்டக் கடன்பத்திரம் போட மக்களிடம் ஓட்டு வாங்கினால், அந்தப் பணத்தில் கட்டலாம், நிலம் வாங்கலாம், பஸ் வாங்கலாம். ஒரு வாத்தியாருக்கு ஒரு மாதச் சம்பளம்கூட அதிலிருந்து கொடுக்கச் சட்டம் இடம் தராது. ஸ்டேடியம் வேண்டாம் என்று ஊர் சொல்லியிருந்தால் வரி கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். சம்பளம் ஏறியிருக்காது.

இதற்குள் இன்னொரு முடிச்சு. நடப்புச் செலவு வரியில் பணக்கார மாவட்டங்கள் வசூலிப்பதில் ஒரு பகுதியை மாநிலம் எடுத்துக்கொண்டு ஏழை மாவட்டங்களுக்குத் தருகிறது. 1993ல் வந்த ஏற்பாடு, எல்லோரும் ராபின் ஹூட் என்பார்கள். கடன் வரியில் மாநிலம் கை வைப்பதில்லை. அதனால் வசதியுள்ள புறநகர் மாவட்டங்களுக்குக் கட்டடம் கட்டுவது எளிது, சம்பளம் உயர்த்துவது கஷ்டம். கோபப்பட வேண்டுமென்றால் இந்த அமைப்பின் மீது கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அதே இரவு, சற்று நேரம் கழித்து

எண்களைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். 2009ல் நடந்த கடன்பத்திரத் தேர்தல் மொத்தம் 11.9 கோடி டாலருக்கு. ஸ்டேடியம் அதில் பாதி. மீதியில் கலையரங்கம், பஸ்கள் நிறுத்திப் பழுதுபார்க்கும் மையம் எல்லாம் இருந்தன. கிட்டத்தட்ட 64 சதவீதம் பேர் ஆதரித்து ஓட்டுப் போட்டார்கள். ஸ்டேடியத்தைக் கலையரங்கத்தோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கேட்டதுதான் எனக்கு உறுத்தும். 2019ல் டெக்சாஸ் சட்டத்தை மாற்றிவிட்டது. இப்போது ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம் என்றால் அதற்குத் தனிக் கேள்வியாக வாக்குச்சீட்டில் கேட்க வேண்டும். நல்ல சட்டம்.

செப்டம்பர் 7

"ஏன் இவ்வளவு பெரிதாக வேண்டும்" என்று கேட்டவருக்கு. பதில் ஸ்டேடியத்தில் இல்லை, ஊரின் வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் நீளும்.

ஆலன் 1870களில் ரயில்பாதை போட்டபோது முளைத்த ஊர். 1878ல் சாம் பாஸ் என்ற கொள்ளைக்காரன் இங்கே ரயிலை மறித்துக் கொள்ளையடித்தான், ஊர் பெயர் முதலில் வெளியே தெரிந்தது அதனால்தான். அதற்குப் பிறகு நூறு வருஷம் பருத்தியும் சோளமும் விளைந்த நிலம். 1960ல் எழுநூறு பேர்கூட இல்லை. பிறகு டாலஸிலிருந்து வடக்கே போகும் 75ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி ரிச்சர்ட்சனில் தொலைத்தொடர்புக் கம்பெனிகள், பிளேனோவில் பெரிய தலைமை அலுவலகங்கள் என்று வரிசையாக வர, வீடுகள் வடக்கே ஏறிக்கொண்டே போயின. 1990ல் 18,000 பேர். 2000ல் 43,500. 2010ல் 84,000. 2020ல் ஒரு லட்சத்தைத் தாண்டியாயிற்று. நம்மவர்கள் வந்ததும் இந்த அலையில்தான். எங்கள் தெருவில் மட்டும் பொங்கலுக்கு நான்கு வாசலில் கோலம் பார்க்கலாம்.

இப்படி வீங்கும் ஊரில் பள்ளி நிர்வாகம் ஒரு கட்டத்தில் முடிவு செய்தாக வேண்டும். இரண்டாவது உயர்நிலைப் பள்ளி கட்டுவதா, இருப்பதையே பெரிதாக்குவதா? ஆலன் ஒரே பள்ளி என்று நின்றது. ஒன்பதாம் வகுப்புக்குத் தனி வளாகம், 10 முதல் 12 வரை ஒரே கூரை. நான்கு வகுப்பும் சேர்த்தால் ஏழாயிரம் பிள்ளைகள் அளவில் வரும், டெக்சாஸிலேயே பெரிய பள்ளி. ஊரே ஒரு பள்ளி என்றால் வெள்ளி இரவு ஊரே ஒரு மைதானத்துக்குத்தான் வரும். 1976ல் கட்டிய பழைய ஸ்டேடியத்தில் ஏழாயிரம் பேர்தான் உட்காரலாம், மீதிப் பேருக்கு வருஷாவருஷம் வாடகைக்குத் தற்காலிகப் படிகள் கொண்டுவந்து போட்டார்கள். 18,000 என்ற எண் அங்கிருந்து வருகிறது.

பக்கத்து ஊர்கள் வேறு வழியில் போயின. பிளேனோ முதலில் ஒரு பள்ளியாக இருந்தது, 1981ல் கிழக்கே ஒன்று, 1999ல் மேற்கே ஒன்று என்று மூன்றாகப் பிரிந்தது. பழைய பிளேனோ பள்ளி ஃபுட்பாலில் ஏழு முறை மாநிலப் பட்டம் வாங்கியது. கடைசிப் பட்டம் 1994ல். மூன்றாவது பள்ளி திறந்த பிறகு ஒன்றுகூட இல்லை. ஃபிரிஸ்கோ இன்னும் தீவிரம். ஒரு பள்ளியில் ஏறக்குறைய 2,100 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம் என்று கொள்கையே வைத்துக்கொண்டு கட்டிக்கொண்டே போனார்கள், 2022ல் பன்னிரண்டாவது பள்ளி திறந்தது. எல்லாப் பள்ளிகளும் சில ஸ்டேடியங்களைப் பங்கு போட்டுக்கொண்டு ஆடுகின்றன.

ஆக, ஸ்டேடியம் பற்றிச் சண்டை போடுவது இலையைப் பிடித்து இழுப்பது. வேர் அந்த ஒரே பள்ளி முடிவு.

செப்டம்பர் 8

"ஸ்டேடியம் இருந்தது, ஜெயித்தார்கள்" என்று எழுதியவருக்குச் சுருக்கமாக.

2008லேயே ஆலன் மாநிலப் பட்டம் வாங்கிவிட்டது. அப்போது பழைய மைதானம்தான். புது ஸ்டேடியம் திறந்தது 2012 ஆகஸ்ட் 31. சவுத்லேக் கரோல் பள்ளியை 24-0 என்று தோற்கடித்தார்கள், இருக்கைக்கு மேல் கூட்டம். 2012லும் 2013லும் பட்டம். 2014 பிப்ரவரியில் ஸ்டேடியத்தை மூடிவிட்டார்கள். சுற்றி நடக்கும் மேல்தளத்தில் கான்கிரீட் விரிசல். முதலில் சாதாரண விரிசல் என்று பேசினார்கள், ஆராய்ந்து பார்த்தால் வடிவமைப்பிலேயே கோளாறு. அந்தச் சீசன் முழுக்க ஆலனுக்குச் சொந்த மைதானம் இல்லை, வீட்டு மேட்ச்சையும் வெளியூர் ஸ்டேடியங்களில் ஆடினார்கள். முடிவு? 16 மேட்ச், 16 வெற்றி, மூன்றாவது தொடர் பட்டம். இறுதிப் போட்டியில் சைப்ரஸ் ரேஞ்ச் பள்ளியை 47-16.

பழுதுபார்த்த செலவை வடிவமைத்த நிறுவனமும் கட்டிய நிறுவனமும் ஏற்றுக்கொண்டன, 2015ல் மறுபடி திறந்தார்கள். மாவட்டத்துக்குப் பணம் போகவில்லை. ஆனாலும் திறந்து இரண்டு வருஷத்துக்குள் மூட வேண்டி வந்தது பெரிய அவமானம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 8, மாலை

ஃபுட்பால் நட்சத்திரம் கைலர் மர்ரி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆம், இந்தப் பள்ளிதான். பத்தாம் வகுப்பில் வந்து சேர்ந்தார். முதல் வரிசை குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆடிய 42 மேட்ச்சில் ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. 2018ல் கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது, அதே வருஷம் பேஸ்பால் டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) ஓக்லண்ட் அணி அவரை ஒன்பதாவதாக எடுத்தது, 2019ல் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் டிராஃப்டில் முதல் ஆள். அவர் போன பிறகும் பள்ளியின் தொடர் வெற்றி ஓடி, 57 மேட்ச்சில் 2015 டிசம்பர் அரையிறுதியில் ஆஸ்டின் வெஸ்ட்லேக்கிடம் முடிந்தது. 2017ல் லேக் டிராவிஸை 35-33 என்று ஜெயித்து இன்னொரு பட்டம். அந்த மேட்ச்சைப் பற்றி இங்கே சலூனில் உட்கார்ந்தால் இன்றைக்கும் அரை மணி நேரம் பேசுவார்கள்.

மல்யுத்தத்தை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். ஆலனின் மல்யுத்த அணி மாநிலப் பட்டங்களை அடுக்கிக்கொண்டே போன அணி. அவர்களுடைய பயிற்சி அறை அந்த ஸ்டேடியத்துப் படிகளுக்கு அடியில்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஐந்தாறு ஃபுட்பால் இரவுக்காக மட்டும் கட்டிய இடம் என்று எழுதுகிறவர்கள் அந்த அறையைப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 13

நேற்றும் ஸ்டேடியத்தில் இருந்தேன். இன்றைக்கு ஃபுட்பாலை விட்டுவிட்டு பேண்டைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் வீடு அந்தப் பள்ளியோடு ஒட்டியிருப்பது அதனால்தான்.

ஈகிள் எஸ்கட்ரில் என்று பெயர். வாசிப்பவர்கள், கொடி வீசுபவர்கள், ஆடுபவர்கள் எல்லாம் சேர்த்து எண்ணூறு பேர் அளவில் போகும், அமெரிக்காவின் மிகப் பெரிய பள்ளி பேண்டுகளில் ஒன்று. ஜூலை கடைசியிலேயே பயிற்சி ஆரம்பம். கார் நிறுத்துமிடத்தில் தார்த் தரை மேல் ஃபுட்பால் மைதானத்தின் கோடுகளை வெள்ளைப் பெயிண்டில் போட்டிருப்பார்கள். காலை ஏழு மணிக்கே தரையிலிருந்து சூடு ஏறும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரிய தண்ணீர்க் குடுவை கொண்டுவர வேண்டும், அவை வரிசையாக ஓரத்தில் நிற்கும், பெயர் எழுதிய டேப் ஒட்டி. இரும்புக் கோபுரத்தின் மேலிருந்து ஆசிரியர் மைக்கில் "மறுபடி, எட்டாவது அடியிலிருந்து" என்று சொல்லச் சொல்ல, எண்ணூறு பேரும் பின்னால் நடந்து பழைய இடத்துக்குப் போய் நிற்பார்கள். இடத்தைக் கண்டுபிடிக்க ஆளுக்கொரு அட்டை கழுத்தில் தொங்கும். என் பெண் முதல் வருஷம் அந்த அட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

மேட்ச் அன்று பாதியில் அவர்கள் மைதானத்தில் இறங்கும்போது ஒரு கோல் கோட்டிலிருந்து மறு கோல் கோடு வரை புல் தெரியாது. மூன்றாவது கால்பகுதியில் அவர்களுக்கு ஓய்வு. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேர்வையில் தலைமுடி ஒட்டியிருக்க, நாச்சோஸ் வாங்க வரிசையில் நிற்பார்கள்.

முக்கியமான விஷயம்: பேண்டுக்குள் வந்தவர்களை யாரும் கழித்துவிடுவதில்லை. ஆறாம் வகுப்பில் கருவியைக் கையில் எடுத்து விடாமல் வாசித்து வந்தால் இடம் உண்டு. ஏழாயிரம் பேர் படிக்கும் பள்ளியில் என் பெண்ணுக்கு ஒரு வரிசை, ஓர் எண், அவள் வரவில்லை என்றால் தெரியும் ஒரு காலி இடம் இருக்கிறது. பெரிய பள்ளி என்றால் பிள்ளை தொலைந்துபோகும் என்று பயந்துகொண்டிருந்த எங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

செப்டம்பர் 14

நேற்று எழுதியதை அங்கேயே நிறுத்தினால் பாதிதான் சொன்னதாக ஆகும். பேண்ட் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும், அணி சேர்த்துக்கொள்ளாது. சேர்த்துக்கொள்ளவும் முடியாது.

கணக்கு எளிது. பள்ளி எவ்வளவு பெரிதானாலும் வார்சிட்டி அணிக்கு, அதாவது பள்ளியின் முதல் அணிக்கு, ஒரு நேரத்தில் ஒரே குவார்ட்டர்பேக். கூடைப்பந்தில் களத்தில் ஐந்து பேர், பட்டியலில் பதினைந்து. மூவாயிரத்து ஐந்நூறு பையன்களில் பதினைந்து. ஃபிரிஸ்கோவில் பன்னிரண்டு பள்ளி, அதனால் பன்னிரண்டு கூடைப்பந்து அணி, பன்னிரண்டு சாக்கர் கோல்கீப்பர், பன்னிரண்டு ஃபுட்பால் கேப்டன். அங்கே ஏறக்குறைய 2,100 பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. அந்தக் கணக்கில் ஆலனுக்கு மூன்று நான்கு அணி இருந்திருக்க வேண்டும்.

பக்கத்து ஊரில் இதே மாதிரி இன்னொரு மிகப் பெரிய பள்ளி. எங்கள் நண்பர் ஒருவரின் மகன் அங்கே கூடைப்பந்துத் தேர்வுக்குப் போனான். ஆறு வயதிலிருந்து வீட்டு வாசலில் வளையம் மாட்டி ஆடியவன், நல்ல கை. பட்டியலைக் கதவில் ஒட்டியிருந்தார்களாம். பையன் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான், அதில் அவன் பெயர் இல்லை. ஒரு வார்த்தை, எங்கே குறை, அடுத்த வருஷம் என்ன செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாயிரம் பேர் பள்ளியில் அவன் கண்டிப்பாக ஆடியிருப்பான். நட்சத்திரமாக அல்ல, சாதாரணமாக, ஒரு சீருடை, ஒரு எண், வெளியூர் மேட்ச்சுக்கு பஸ் என்று. பதினாறு வயதில் ஒரு பையனுக்கு அது எவ்வளவு பெரிது.

அதனால் என் நிலை இதுதான். 6 கோடி டாலர் செலவு என்னை அவ்வளவாக உறுத்தவில்லை, அது ஊர் தெரிந்தே ஓட்டுப் போட்ட செலவு. ஒரே பள்ளி முடிவில் ஆடாமல் போன பிள்ளைகள்தான் உறுத்துகிறார்கள். அவர்களை யாரும் எந்த வாக்குச்சீட்டிலும் கணக்கில் எழுதவில்லை.

செப்டம்பர் 21

"அமெரிக்காவில் பந்து ஆடினால் சும்மாவே பாஸ் போட்டுவிடுவார்கள்" என்று ஒருவர். டெக்சாஸில் 1984லிருந்து சட்டம் இருக்கிறது, பாஸ் ஆகாவிட்டால் ஆட்டம் கிடையாது. ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் அணியிலிருந்து வெளியே உட்கார வேண்டும். டெக்சாஸ் தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையில் அமைத்த குழு கொண்டுவந்த சீர்திருத்தத்தில் ஒரு பகுதி. அப்போது கோச்சுகள் கொதித்தெழுந்தார்கள். முதலில் ஆறு வாரம் தடை, 1995ல் அதைத் தளர்த்தி மூன்று வாரம் ஆக்கினார்கள். பேண்டுக்கும் இதே விதிதான். அதனால் மதிப்பெண் வரும் வாரம் எங்கள் வீட்டில் கிளாரினெட் சத்தம் குறைந்து வேதியியல் சத்தம் கூடும்.

செப்டம்பர் 27

பழைய மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பி வரும் விழாவான ஹோம்கமிங் வாரம் வரப்போகிறது, அதனால் கொஞ்சம் தடம் மாறுகிறேன். டெக்சாஸ் பெண் பிள்ளைகள் அன்றைக்குச் சட்டையில் 'மம்' என்று ஒன்று குத்திக்கொள்வார்கள். நடுவில் உள்ளங்கையைவிடப் பெரிய சாமந்திப் பூ. ஒரு காலத்தில் நிஜப் பூ, இப்போது துணியில். அதிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ரிப்பன்கள், மணிகள், சின்னக் கரடி பொம்மை, பிள்ளையின் பெயர், பட்டம் வாங்கும் வருஷம். நடந்தால் மணி சத்தம் கேட்கும். கடையில் வாங்கினால் நூறு டாலரை எளிதாகத் தாண்டும். எங்கள் தெரு அம்மாக்கள் ஆளுக்கொரு சுருள் ரிப்பன் வாங்கி ஒரே வீட்டில் உட்கார்ந்து, ஸ்டேப்ளரும் சூட்டுப் பசைத் துப்பாக்கியுமாக, பூ கட்டுகிற கைகளால் ரிப்பன் பின்னுவார்கள். என் மனைவிக்கு நான்கு இழைப் பின்னல் வரும் என்பதால் மற்ற வீட்டுப் பெண்களும் வந்து வரிசை கட்டுகிறார்கள். பள்ளி என்றால் மைதானம் மட்டும் இல்லை, இப்படியும் அது வீட்டுக்குள் வரும்.

அக்டோபர் 4

ஸ்டேடியம் கட்டும் போட்டி பற்றிக் கேட்டவருக்கு. ஆம், ஆலனைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். ஹூஸ்டன் பக்கம் கேட்டி 2017ல் 7 கோடி டாலருக்கு மேல். எங்களுக்கு வடக்கே மெக்கின்னி 2018ல் ஏறக்குறைய 7 கோடி. அங்கே திறப்பதற்கு முன்பே கான்கிரீட்டில் விரிசல் கண்டார்கள். மெக்கின்னியில் மூன்று உயர்நிலைப் பள்ளிகள், ஸ்டேடியம் பொது. அதாவது ஊர் பணமும் போட்டது, பிள்ளைகளுக்கு மூன்று அணியும் வைத்தது. என்னைக் கேட்டால் அந்த ஏற்பாடு எங்களுடையதைவிட மேல்.

ஆனால் எதிர்ப்பக்க வாதத்தையும் வைக்கிறேன், ஏனென்றால் இது வலுவானது. ஆலனில் வீட்டு விலை ஏறிவிட்டது, சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் இன்னும் வடக்கே புரோஸ்பர், செலினா என்று போய்விட்டன. பிள்ளைகள் குறைந்து இரண்டு தொடக்கப் பள்ளிகளை மூடியாயிற்று. பிளேனோ 2024ல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. 2009 வாக்கில் ஆலன் இரண்டாவது உயர்நிலைப் பள்ளி கட்டியிருந்தால், அடுத்த பத்து வருஷத்தில் அதன் வகுப்பறைகள் காலியாகத் தொடங்கியிருக்கலாம். எந்தப் பள்ளியை மூடுவது என்று ஊர் இரண்டாகப் பிளந்து கத்துவதை பிளேனோ கூட்டங்களில் பார்த்தோம். ஆலனில் அந்தச் சண்டை உயர்நிலைப் பள்ளி அளவில் வராது.

அப்படியும் என் மனம் அந்தக் கதவில் ஒட்டிய பட்டியலிடம்தான் போகிறது. கட்டடத்தை மூடினால் வேறு எதற்காவது பயன்படுத்தலாம்.

அக்டோபர் 5

"மகன் எட்டாம் வகுப்பு, கூடைப்பந்து என்றால் உயிர். ஆலனுக்கு வீடு மாறலாமா, ஃபிரிஸ்கோவா?" என்று கேட்ட சகோதரிக்கு.

மாறுவதென்றால் ஒன்பதாம் வகுப்பு தொடங்கும் முன் மாறிவிடுங்கள். அதற்குப் பிறகு பள்ளி மாறி வார்சிட்டியில் ஆட வேண்டும் என்றால் யூஐஎல் (டெக்சாஸ் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) படிவம் ஒன்று நிரப்ப வேண்டும், பழைய பள்ளியும் அதில் எழுதித் தர வேண்டும். விளையாட்டுக்காகத்தான் மாறினீர்கள் என்று குழு முடிவு செய்தால் குறைந்தது ஒரு வருஷம் வார்சிட்டி கிடையாது. வீட்டுப் பத்திரம், மின்சார பில் எல்லாம் உங்கள் பெயரில் சரியாக இருக்கட்டும், சொந்தக்காரர் முகவரியைக் கொடுக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

எந்த ஊர் என்பதற்கு: நவம்பரில் சீசன் ஆரம்பிக்கும். வார்சிட்டி மேட்ச்சுக்குப் போகாதீர்கள், அங்கே எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு ஊரிலும் ஒன்பதாம் வகுப்பு அணியின் மேட்ச்சுக்குப் பையனைக் கூட்டிப்போங்கள். எத்தனை பேர் பெஞ்சில் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேரைக் கோச் உள்ளே இறக்குகிறார், கழற்றி உட்கார வைத்த பையனிடம் குனிந்து ஏதாவது சொல்கிறாரா என்று பாருங்கள். தேர்வில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரை எடுத்தீர்கள் என்று நேரடியாகக் கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். அதற்குப் பிறகு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம்.